வீட்டுக்காரிக்கு ஓர் எக்ஸ்

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்குக் காபி கிடைக்கவில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நேயர்கள் கேட்கலாம். ஒரே ஓர் ஆங்கில எழுத்தினால் அந்தக் காபி போயிற்று என்று சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பீர்கள் அல்லவா?

எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு ரேடியோ செட். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. (அது துணி உலர்த்தும் கொடி அல்ல என்று வீட்டில் நிலைநாட்ட எனக்கு ஆறு மாதம் பிடித்தது.) நான் ஒரு ஹாம் ரேடியோக்காரன். அதாவது, சர்க்கார் வைக்கும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் வாங்கி, 'வி.யு.' என்று தொடங்கும் ஓர் அழைப்புப் பெயரும் வாங்கிக் கொண்டு, வீட்டிலிருந்தபடியே ஆகாய மார்க்கமாக ஊர் பேர் தெரியாதவர்களோடு பேசுகிறவன். இதில் காலணா வரும்படி கிடையாது; வரும்படிக்காகச் செய்யக் கூடாது என்பதே சட்டம்.

அன்று மாலை நாகபுரி நண்பர் ஒருவருடன் பேசிக் கொண்டிருந்தேன். படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. "சரி, ஓ.எம்., என் எக்ஸ்.ஒய்.எல். காபியோடு வந்துவிட்டாள். பிறகு பார்க்கலாம். செவன்டி த்ரீ!" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். டவரா டம்ளர் மேஜைக்கு வரவில்லை. என் மனைவியின் கையிலேயே நின்றது.

"எக்ஸ்.ஒய்.எல்.னா யாருங்க?"

பத்திரிகையில் உத்தியோகம் பார்க்கிறவனுக்குச் சமயத்தில் ஒரு விஷயத்தை வளைத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஒய்.எல். என்றால் யங் லேடி, இளம் பெண். எக்ஸ் என்றால் முன்னாள். கலியாணமான பெண்ணை, அதாவது மனைவியை, இப்படிச் சொல்வது வழக்கம்."

"முன்னாள் இளம் பெண்ணா? அப்போ அந்த ஓ.எம்.?"

"ஓல்டு மேன். ஆனால் கிழவன் என்று அர்த்தம் இல்லை. 'என்னப்பா' என்கிற மாதிரி. பன்னிரண்டு வயதுப் பையன் லைசென்ஸ் வாங்கினாலும் அவன் ஓ.எம்.தான்."

"ஆம்பிளைக்குப் பன்னிரண்டு வயசானாலும் மரியாதை. பொம்பளைக்குக் கழுத்துல தாலி ஏறினா முன்னாளா?"

காபி படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டது.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக் கொள்கிறேன். இந்தச் சொற்கள் பிறந்த கதையையும் கேளுங்கள். பேசும் வசதி வருவதற்கு முன்பு எல்லாம் மோர்ஸ் தந்திதான். புள்ளியும் கோடுமாக ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தட்ட வேண்டும். 'மை டியர் ஃபெல்லோ' என்று தட்டுவதற்குள் விரல் ஒடிந்து போகும்; 'ஓ.எம்.' என்றால் இரண்டே எழுத்து. அமெரிக்காவில் 1914-ல் ஹாம்களின் சங்கத்தைத் தோற்றுவித்த ஹிராம் பெர்ஸி மாக்ஸிம் என்பவர் 'தி ஓல்டு மேன்' என்ற புனைபெயரிலேயே கட்டுரைகள் எழுதியிருக்கிறார். ஒய்.எல். விஷயம் இன்னும் வேடிக்கை. எண்பது வயதுப் பாட்டியாக இருந்தாலும், அவரிடம் லைசென்ஸ் இருந்தால் அவர் ஒய்.எல். 1939-ல் அமெரிக்கப் பெண் ஹாம்கள் கூடி ஆரம்பித்த சங்கத்துக்கு 'இளம் பெண்கள் ரேடியோ லீக்' என்றுதான் பெயர். ஆக, இளமை என்பது வயதைப் பொறுத்ததாக இல்லாமல் லைசென்ஸைப் பொறுத்ததாக மாறிவிட்டது. எக்ஸ் மட்டும் லைசென்ஸ் இல்லாத மனைவிமார் தலையில் போய் உட்கார்ந்து கொண்டது.

இதை மறுநாள் என் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள். "சுனாமி வந்தப்போ அந்தமான்ல ரேடியோவில் பேசினாங்களே ஓர் அம்மா, அவங்களுக்கு எத்தனை எக்ஸ் போட்டீங்க?"

பாரதி பிரசாத்தைச் சொல்கிறாள். 2004 டிசம்பரில் அவர் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலகமெங்கும் உள்ள ஹாம்கள் அந்தமானோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று துடித்துக் கொண்டிருந்த சமயம். 26-ஆம் தேதி காலை பூமி அதிர்ந்தது. கடல் உள்ளே வந்தது. பொழுதுபோக்கு அந்த நிமிஷத்தோடு நின்றது. தீவிலிருந்து கரைக்கும், கரையிலிருந்து தீவுக்கும் 'உயிரோடு இருக்கிறார்களா' என்ற செய்திகளைச் சுமக்க ஆரம்பித்தது அந்த ரேடியோ. அவருடைய பெயரை எனக்கு முதலில் சொன்ன ஹாம் நண்பர் 'அந்த ஒய்.எல். இருக்கிறாரே' என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். எக்ஸ் போடவில்லை. நான் வாயை மூடிக் கொண்டேன்.

நிற்க. இந்தச் சமயத்தில்தான் திருச்சியிலிருந்து என் பெரியப்பா கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எண்பதைத் தாண்டியவர். 1962-ல் தந்தி இலாகாவில் சேர்ந்து 38 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். கண்ணில் கட்டுப் போட்டுக் கொண்டு மாடி அறை நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம், பொழுது போகட்டும் என்று என் சமாசாரத்தைச் சொன்னேன்.

"அது சரிடா, ஹாம்னு ஏன் பேரு? பன்றிக் கறி மாதிரி இருக்கே."

இங்கே நேயர்களிடம் நான் ஒரு குற்றத்தை ஒப்புக் கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு துணுக்கில், 'ஹார்வர்டில் 1908-ல் படித்த ஹைமன், ஆல்மி, முர்ரே என்ற மூன்று மாணவர்களின் பெயர்களுடைய முதல் எழுத்துக்களே ஹாம்' என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது முழுக்க முழுக்கக் கட்டுக் கதை. யாரோ அழகாகக் கட்டினார்கள். நான் அழகாக ஏமாந்தேன். உண்மை இத்தனை கௌரவமானது அல்ல. டாட்ஜ் என்பவர் அமெரிக்காவில் தந்தி பழகுகிறவர்களுக்காக எழுதிய பழைய பாடப் புத்தகம் ஒன்றில் 'ஹாம்' என்ற சொல்லுக்குப் பொருள் கொடுத்திருக்கிறது: மட்டமான ஆபரேட்டர். அதாவது, தட்டத் தெரியாதவன்.

கம்பித் தந்தியில் வேலை பார்த்த உத்தியோகஸ்தர்களே கப்பல்களுக்கும் கம்பியில்லாத் தந்தி நிலையங்களுக்கும் போனார்கள். தங்கள் வசவுகளையும் கூடவே எடுத்துப் போனார்கள். அதே சமயத்தில் வீட்டுக் கொல்லையில் கம்பி கட்டிய பையன்கள் படபடவென்று பொறி பறக்கும் யந்திரங்களை வைத்துக் கொண்டு ஆகாயத்தை அமளிப்படுத்தினார்கள். கப்பலின் செய்தி ஒரு பக்கம், பையனின் வாயாட்டம் ஒரு பக்கம். 'இந்த ஹாம்களோடு மாரடிக்க முடியவில்லை' என்று உத்தியோகஸ்தர்கள் அலுத்துக் கொண்டார்கள். பையன்களுக்கு அது வசவு என்று தெரிந்ததோ தெரியவில்லையோ, பெயர் பிடித்துப் போயிற்று. ஒட்டிக் கொண்டது.

"அப்போ எங்க ஆளுங்க உங்களைத் திட்டினதை நீங்க பட்டமா போட்டுக்கிட்டீங்க!" என்று பெரியப்பா சிரித்தார். உடனே, "ஆனா திட்டினது நியாயம்தானே? ஒருத்தன் அவசரத் தந்தி அனுப்பிட்டிருக்கும்போது நடுவுல வந்து விளையாடினா?" என்றார். இலாகா இரத்தம் கொதித்தது.

நான் விடவில்லை. 1912-ல் அமெரிக்கச் சட்டம் இந்தப் பையன்களை 200 மீட்டரும் அதற்குக் கீழுமான அலைகளுக்குத் துரத்தியது. அந்த அலைகள் தொலை தூரத்துக்கு உதவாது என்பது அக்காலத்து நிபுணர்களின் தீர்மானம். ஒன்றுக்கும் உதவாத ஆட்களுக்கு ஒன்றுக்கும் உதவாத அலைகள்! 1923 நவம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஹாம்களும் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் இருந்த ஹாமும் சுமார் 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தி பரிமாறிக் கொண்டார்கள். சிற்றலையின் மகிமையை உலகம் அதற்குப் பிறகு உணர்ந்தது. (நம் சென்னை மட்டும் சும்மா இருந்ததா? சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பே ஆரம்பித்துவிட்டது.) இப்படியாக ஹாம் என்ற சொல்லுக்கு ஒரு மவுசு வந்தது. ஆனால் பாருங்கள், மட்டமான ஆபரேட்டர்கள் உலகத்திலிருந்து ஒழிந்து போய்விடவில்லையே! அவர்களைத் திட்ட ஒரு சொல் வேண்டும். அதற்கு ஹாம்கள் வைத்திருக்கும் சொல் 'லிட்', பாத்திரத்து மூடி. அதுவும் தந்திக்காரர்களின் பழைய வசவுதான். எந்த ஹாமையாவது 'லிட்' என்று சொல்லிப் பாருங்கள். என் மனைவி எக்ஸுக்குக் கோபித்தது ஒன்றுமில்லை என்று தோன்றும்.

பெரியப்பாவுக்கு இதில் ருசி வந்துவிட்டது. "நீ முடிக்கும்போது ஏதோ நம்பர் சொல்றியே, செவன்டி த்ரீ, அது என்ன?"

"எங்கள் விடை பெறும் வணக்கம் பெரியப்பா. 'அன்பான விசாரணைகள்' என்று அர்த்தம்."

"நம்பரா? எங்ககிட்டயும் உண்டே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்த்துத் தந்திகளை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தீபாவளிக்கு ஓர் எண், கலியாணத்துக்கு ஓர் எண், பரீட்சையில் தேறியதற்கு ஓர் எண். தந்தி ஆபீஸில் எண்ணைத்தான் தட்டுவார்கள். மறுமுனையில் வாசகமாக எழுதிக் கொடுப்பார்கள். ஒரு முறை பெரியப்பாவின் கை தவறியது. கலியாண வீட்டுக்குப் பரீட்சை எண் போய்விட்டது. மணமகனுக்கு, 'தாங்கள் பரீட்சையில் வெற்றி பெற்றதற்கு மனமார்ந்த பாராட்டுக்கள்' என்று வந்ததாம். "யாரும் புகார் பண்ணலை. அந்த ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசுக்கு மேல பொண்ணு கிடைச்சுது!"

நமது 73-ம் இப்படிப்பட்ட எண்தான். ஆனால் நம் கலியாண எண் கலியாண எண்ணாகவே கடைசி வரை இருந்தது; 73 இடத்துக்கு இடம் மாறிக் கொண்டே வந்தது. 1857 ஏப்ரலில் அமெரிக்கத் தந்திப் பத்திரிகை ஒன்று வெளியிட்ட பட்டியலில் 73-க்குக் கொடுத்திருந்த பொருள், 'உனக்கு என் காதல்' அல்லது 'என் பிரியம்'; எப்படி வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். தந்தி ஊழியர்கள் தங்களுக்குள் கொஞ்சிக் கொண்டார்கள் போலிருக்கிறது. இரண்டே வருஷம். 1859-ல் வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி தயாரித்த 92 எண்கள் கொண்ட ஜாபிதாவில் அதே 73, 'என் உபசார வார்த்தைகளை ஏற்றுக் கொள்க' என்று ஆகிவிட்டது! காதல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆபீஸுக்குள் நுழைந்தால் உபசாரமாகத்தான் வெளியே வரும் என்பது என் அபிப்பிராயம். பிறகு அது 'அன்பான விசாரணைகள்' ஆகி, ஹாம்களிடம் வந்து சேர்ந்தது. காதலுக்கு வேறு எண் வேண்டியிருந்தது, 88 வந்தது. 'அன்பும் முத்தங்களும்'.

இந்த 88 விஷயத்தில் எனக்கு ஓர் அனுபவம். லைசென்ஸ் வாங்கிய புதிது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எனக்கு அரை மணி நேரம் பொறுமையாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். எல்லோருக்கும் 73 சொல்கிறோமே, இவருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று, எண் பெரிதானால் மரியாதையும் பெரிது என்ற கணக்கில், '88' என்று தட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவர் பக்கத்திலிருந்து 'ஹை ஹை' என்று வந்தது.

அந்த 'ஹை ஹை'யையும் சொல்லிவிட வேண்டும். அது ஹலோவும் அல்ல, குதிரை ஓட்டுவதும் அல்ல. சிரிப்பு. மோர்ஸ் கீயில் சிரிக்க முடியாது. 'ஹெச்' நாலு புள்ளி, 'ஐ' இரண்டு புள்ளி. சேர்த்துத் தட்டினால் டிடிடிடி டிடி என்று யாரோ வாய்க்குள் சிரிப்பது போலவே இருக்கும். சரி, மைக் வந்துவிட்டது. இனி வாய் விட்டே சிரிக்கலாம் அல்லவா? அதுதான் இல்லை. மைக்கைப் பிடித்துக் கொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், 'ஹை ஹை' என்று எழுத்துக் கூட்டுகிறார்கள்! எல்லோரும் மோர்ஸ் தேற வேண்டும் என்ற சர்வதேச நிபந்தனை 2003-ல் எடுக்கப்பட்டது. நம் நாட்டிலும் முதல் படி லைசென்ஸுக்கு மோர்ஸ் பரீட்சை இல்லை. என் நண்பர்களில் ஒரு கல்லூரிப் பையன் புள்ளி எது கோடு எது என்றே அறியாதவன். ஹை ஹை மட்டும் சுத்தமாகச் சொல்கிறான். அவன் பேசுவதைக் கேட்டுவிட்டுப் பெரியப்பா, "பாவம், அந்தப் பிள்ளைக்குச் சிரிக்க வராதா?" என்று விசாரித்தார்.

இந்த வரிசையில் இன்னும் எத்தனையோ. 'க்யூ.ஆர்.பி.' என்பது 'என் சக்தியைக் குறைக்கட்டுமா?' என்று கேட்கும் மூன்றெழுத்துக் கேள்வி. இன்றைக்கு அது ஐந்து வாட்டுக்கு மேல் போகமாட்டேன் என்று விரதம் இருக்கிறவர்களின் மார்க்கத்துக்குப் பெயர். 'க்யூ.எஸ்.எல்.' என்றால் 'கிடைத்தது'. இன்று அது சுவரில் ஒட்டும் அட்டை. 'எல்மர்' என்று ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பலருக்கு ரேடியோ சொல்லிக் கொடுத்தவர். 1971-ல் ஒரு ஹாம் பத்திரிகைக் கட்டுரையாளர் அவரை நினைவு கூர்ந்து எழுதப் போக, இன்று உலகத்து ஹாம் குருமார்கள் அத்தனை பேரும் எல்மர்கள்.

ஒரு சொல்லை மட்டும் பெரியப்பா மறுபடி சொல்லச் சொன்னார். ஹாம் ஒருவர் காலமானால் அவரை 'ஸைலண்ட் கீ' என்பார்கள். மௌனமான கீ. மோர்ஸ் கீயை ஆயுளில் தொடாதவரும் இறந்த பிறகு மௌனமான கீதான். கட்டுப் போடாத கண்ணை மூடிக் கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"எங்க ஆபீஸுல கடைசியா கீயை எடுத்துட்டு டெலிபிரிண்டர் வெச்சப்போ, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைடா" என்றார். பிறகு, "நான் அனுப்பின தந்தி இருக்கா உங்கிட்ட?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2013 ஜூலை 14. நாட்டில் தந்தி கொடுக்கக் கடைசி நாள். நான் புதிதாக நிருபர் வேலைக்கு வந்திருந்த சமயம். ஜனங்கள் வரிசையில் நின்று கடைசித் தந்தி கொடுப்பதைப் பற்றிக் கண்ணீர் வரவழைக்கும்படி ஒரு கட்டுரை எழுதினேன். அதே நாளில் திருச்சியில் ஒரு வரிசையில் பெரியப்பாவும் நின்றிருக்கிறார். மூன்று நாள் கழித்து எனக்கு ஒரு தந்தி வந்தது. ஆங்கிலத்தில் நாலே வார்த்தைகள். 'க்ஷேமம், இது கடைசி' என்பது அதன் சாரம். கட்டுரையோடு படமாகப் போடலாம் என்று ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். இடம் இல்லை என்று போடவில்லை. மேஜை மாறியது, ஆபீஸ் மாறியது, எங்கேயோ தொலைத்துவிட்டேன். பதில் போட்டேனா என்றால், அதுவும் இல்லை. தந்திதான் நின்றுவிட்டதே, எதில் பதில் போடுவது என்று அப்போது ஹாஸ்யமாக நினைத்துக் கொண்ட ஞாபகம்.

"தொலைச்சுட்டேன், பெரியப்பா."

"சரி, விடு" என்றார். இரண்டே சொல். சொல்லுக்குக் காசு கணக்குப் போட்டே வாழ்ந்தவர்.

மறுநாளிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "மருமகளே, இந்தப் பரீட்சையை நீயும் எழுதேன்? மோர்ஸ் நான் சொல்லித் தர்றேன்" என்றார். அதற்கு மோர்ஸ் வேண்டாமே என்று நான் சொன்னதை இருவரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. சமையலறையில் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிப் பாடம் நடந்தது. என் மனைவிக்கு ஓர் எல்மர் கிடைத்துவிட்டார். இரண்டு வாரத்தில் அவள் இருபத்தாறு எழுத்துக்களையும் தேற்றிவிட்டாள். சாம்பார் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

பரீட்சைக்கு மனு போட்டாயிற்று. இதற்கிடையே எக்ஸ்.ஒய்.எல். என்ற சொல் எங்கள் வீட்டு ஆகாயத்தில் தடை செய்யப்பட்டது. நான் இப்போது 'வீட்டுக்காரி வந்தாச்சு' என்று தமிழிலேயே சொல்லி விடுகிறேன். இதன் பலனைக் கேளுங்கள். போன மாதம் நாகபுரி நண்பர், "ஓ.எம்., உங்கள் பக்கத்து வீட்டுக்காரி ரொம்ப மணமாக இருக்குமாமே! ஒரு கால் கிலோ பொடி அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். 'வீட்டுக்காரி வந்தாச்சு' என்று நான் சொல்லும்போதெல்லாம் டம்ளர் வைக்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. காபிக்குத் தமிழில் அதுதான் பெயர் என்று முடிவு கட்டிவிட்டார். அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம். திருத்தப் போவதில்லை என்று நான் தீர்மானித்திருக்கிறேன். என் மனைவிக்கும் இதில் ஆட்சேபணை இல்லை. முன்னாள் இளம் பெண்ணுக்குக் காபிப் பொடி எவ்வளவோ மேல் என்கிறாள்.

பெரியப்பா கண் தெளிந்து திருச்சிக்குப் போய்விட்டார். வாரம் ஒரு முறை போன் செய்கிறார், என் மனைவிக்குத்தான். அரை மணி நேரம் டா டி டா டி என்று ஏதோ நடக்கும். கடைசியில் போன் என் கைக்கு வரும். "சௌக்கியமா? சரி." அவ்வளவுதான்.

சென்ற வாரம் "சரி" என்ற பிறகு போனை வைக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக் கொண்டார். பிறகு வாயாலேயே, நிதானமாக, உத்தியோக காலத்துத் தாளத்தோடு, "டா டா டி டி டி, டி டி டி டா டா" என்றார்.

எழுபத்து மூன்று. அது 1857-ஆம் வருஷத்து எழுபத்து மூன்றா, 1859-ஆம் வருஷத்து எழுபத்து மூன்றா என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை. நானும் டா டா டி டி டி என்று ஆரம்பித்தேன். பாதியில், "கோடு இன்னும் நீளமா இருக்கணும்டா" என்று திருத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.